ஏணி குதிக்கவில்லை

ஏணி என்ற பட்டப்பெயர் அவளுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு வகுப்பறையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, குழுப் புகைப்படத்தில் நடுவாக நின்று, யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தவள்தான். பதின்மூன்று முடிந்த கையோடு உடம்புக்கு என்ன தோன்றியதோ, விடுவிடுவென்று வளர ஆரம்பித்துவிட்டது. துணிக்கடையின் பின்னறையில் தையல் மிஷினோடு உட்கார்ந்து, வாங்குபவர்களின் அளவுக்கு ஆடைகளைப் பிரித்தும் பிடித்தும் கொடுப்பது அவள் அம்மாவின் வேலை. அந்த அம்மா ஒரே பள்ளி வருடத்தில் மகளுடைய பேன்ட்டின் மடிப்பை மூன்று முறை பிரித்து இறக்கிவிட்டாள். நான்காவது முறை இறக்குவதற்கு மடிப்பே மிச்சமில்லை. வளர்ந்து முடித்துவிட்டுச் சொல், அதன் பிறகு புதிது எடுக்கலாம் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

உயரம் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் பள்ளி வாலிபால் அணியில் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், இந்த வருடம் அணியின் முதல் ஆட்டக்காரி ஆகிவிட்டாள். அவளுடைய உயிர்த்தோழி கடுகு. அவளும் பட்டப்பெயர்க்காரிதான், ஏணியின் தோள்வரை வருவாள், வாய் மட்டும் அதைத் தாண்டி வரும். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பது கடுகின் பொறுப்பு. ஓடிவந்து, எகிறி, அதை எதிர்ப்பக்கத்துத் தரையில் அறைவது ஏணியின் பொறுப்பு. அந்த அறையின் சத்தம் உள்ளரங்கத்தின் தகரக் கூரைவரை போய்த் திரும்பும். அதைக் கேட்பதற்காகவே ஏணி காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவாள்.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போது வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், யாரோ விரலால் சுண்டியதுபோல இருந்தது. இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டாள். போகவில்லை. மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தில், கோலிக்குண்டைப் பாதியாக வெட்டி ஒட்டவைத்தமாதிரி ஒரு புடைப்பு எழுந்தது. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதிக் கோலி உயிரை எடுத்தது. வெளியே சொன்னால் ஆடவிடமாட்டார்கள். அதனால் வாயைத் திறக்காமல், பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நடமாடினாள். ஒரு மாதம் இந்த நாடகம் நன்றாகவே ஓடியது.

அதை நிறுத்தியது ஒரு குண்டூசி டப்பா. பள்ளி விட்டதும் அம்மாவின் தையல் அறைக்குப் போய் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதுவது ஏணியின் வழக்கம். அன்றைக்கு நோட்டை இழுத்த வேகத்தில் மேஜை ஓரத்திலிருந்த டப்பா கவிழ்ந்து, இருநூறு குண்டூசிகள் தரையெங்கும் சிதறின. அம்மா காந்தத்தை நீட்டினாள். ஏணி யோசிக்காமல் மண்டியிட்டாள். மண்டியிட்ட அதே நொடியில் அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, வெளியே பில் போட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா மிஷினை நிறுத்தினாள். பேன்ட்டைச் சுருட்டி மேலே ஏற்றினாள். புடைப்பைப் பார்த்தாள். ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

"ரெண்டு நாள்ல இப்படி வீங்காது. அம்மாகிட்ட அளவு தப்பாச் சொல்லாத."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் வந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவே கிடைத்த நாற்பது நிமிடத்தில், சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை விளக்குப் பலகையில் மாட்டியதும், அதில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் எலும்பு முறிவு என்று நினைத்து அப்பா வெளுத்துப்போனார். டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தொடைத் தசை ஒரு நாராகக் கீழே இறங்கி, முழங்கால் சில்லைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பில் வந்து ஒட்டும் இடம் அது. வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாக இறுகியிருக்காது.

"உங்க பொண்ணோட எலும்பு ரொம்ப அவசரமா வளருது. அந்த நாருக்கு அவ்வளவு அவசரம் இல்ல. இவ குதிக்கும்போதெல்லாம் அது எலும்பைப் பிடிச்சு இழுக்குது, அவ்வளவுதான். துள்ளி விளையாடற பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகமா வரும்."

அதைக் கண்டுபிடித்த இருவர் பெயரையும் சேர்த்து வைத்த நீளமான பெயர் ஒன்று அந்த வலிக்கு இருந்தது. அப்பா அதை ஒரு பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். வளர்ச்சி முடிந்ததும் வலி தானாகப் போய்விடும், புடைப்பு மட்டும் நினைவுக்கு நிற்கலாம் என்றாள் டாக்டரம்மா. அதுவரைக்கும் தினம் தசையை இழுத்துவிடும் பயிற்சி, ஆடி முடித்ததும் ஐஸ். முதல் ஆறு வாரத்துக்குக் குதிக்கக் கூடாது, மண்டியிடக் கூடாது. வலிக்கு ஒரு எண்ணும் சொல்லிக் கொடுத்தாள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மூன்று வரைக்கும் பயமில்லை. மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும்.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குச் சரியாக ஏழு வாரம் இருந்தது. ஏணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறு வாரம் ஓய்வு, ஒரு வாரம் பயிற்சி. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த எண் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. அப்பா வேலை முடிந்து வந்ததும் இன்றைக்குச் சாலை நெரிசல் எட்டு என்பார். ஒரு சட்டையின் தோளை மூன்றாவது முறையாகப் பிரிக்கச் சொன்ன வாடிக்கையாளரை அம்மா ஒன்பதில் வைத்தாள். அப்பாவிடம் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பேருந்தில் யார் நொண்டி ஏறினாலும் முழங்காலா என்று விசாரித்து, அவர்கள் சொன்ன வைத்தியத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருவர் வெந்நீர் என்றால் மற்றவர் ஐஸ் என்பார். தினம் நூறு அடி பின்னோக்கி நடக்கச் சொன்னார் ஒருத்தர். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

ஒன்பது நாள் ஏணி தங்கமாக இருந்தாள். பயிற்சியாளரிடம் மட்டும் உண்மையைப் பாதிதான் சொல்லியிருந்தாள்: லேசான சுளுக்கு, சீக்கிரம் சரியாகிவிடும். பயிற்சியாளர் பள்ளியின் கணக்கு ஆசிரியை. நெட்டையான, சிரிக்கவே யோசிக்கும் பெண். அவளுக்கு இந்தப் பதில் முழுசாகப் பிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிட்டாள். பத்தாவது நாள் அவள் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். வலி அன்று ஒன்றுகூட இல்லை. பந்து சும்மா கிடந்தது. கடுகு எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், ஒன்றே ஒன்று என்று ஏணி கெஞ்சினாள்.

ஒன்று இரண்டாயிற்று. ஏழு முறை எகிறி ஏழு முறையும் அறைந்தாள். கூரை அதிர்ந்தது. ஏழாவதில் இறங்கியபோது முழங்காலுக்குள் யாரோ சூடு வைத்தார்கள்.

கடுகு வீடுவரை துணைக்கு வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று ஏணி அவளை வீறாப்பாக அனுப்பிவிட்டாள். பள்ளி வாசல் நிறுத்தத்தில் தனியாக நின்றாள். நூற்றுக்கணக்கான பேருந்துகள் ஓடும் ஊரில், அன்றைக்கென்று வந்து நின்றது அப்பாவின் பேருந்து. கதவு திறந்தது. ஏணி கைப்பிடியைப் பிடித்தாள். இடது காலை மேலே வைத்தாள். வலது கால் அதோடு சேர்ந்து வருவதாக இல்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அப்பா கண்ணாடியில் பார்த்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"எத்தனை?"

"ரெண்டு."

அப்பா தரையில் ஊன்றாமல் தொங்கிய அந்தக் காலைப் பார்த்தார்.

"ஏழு," என்றாள்.

பேருந்து இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பும் என்று உள்ளே இருந்தவர்களிடம் அறிவித்துவிட்டு, அவர் குனிந்து மகளை அப்படியே வாரித் தூக்கினார். மகள் அவரைவிட இரண்டு விரல் உயரம். தலை ஒரு பக்கக் கம்பியிலும், கால் மறுபக்கக் கம்பியிலும் இடிக்க, சோபாவை மாடிக்கு ஏற்றுவதுபோல ஒருவழியாக உள்ளே ஏற்றி முன் இருக்கையில் வைத்தார். ஐந்து பேர் ஐந்து வைத்தியம் சொன்னார்கள். பின் வரிசையில் அவளுடைய வகுப்புப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது ஏணிக்கு. அவரோ வழியெல்லாம் மேடு பள்ளம் பார்த்து, கண்ணாடிச் சாமான் ஏற்றிப் போகிறவர்போல மெதுவாக ஓட்டினார். அந்த மெதுவில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு நொண்டிக்கொண்டே போய், பயிற்சியாளரிடம் முழுவதையும் கொட்டினாள். சுளுக்கு பொய் என்றாள். ஏழு குதியையும் ஒப்புக்கொண்டாள். பயிற்சியாளர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்தாள். டாக்டரைத் திரும்பப் பார்த்தாயா என்று கேட்டாள். நேற்று இரவே பார்த்தாயிற்று, ஆறு வாரம் மறுபடி முதலிலிருந்து என்றாள் ஏணி. பயிற்சியாளர் காகிதத்தின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். ஆறு வாரம் முடிவது போட்டிக்கு மூன்று நாள் கழித்து.

"அப்போ டீம்ல நான் இல்லையா மிஸ்?"

"உன்னை நான் நீக்கல. நீ குதிக்கிறதைத்தான் நீக்கியிருக்கேன். சாயங்காலம் வழக்கம்போல வந்து சேரு, வேலை இருக்கு."

வேலை என்னவென்றால், பந்துப் பையைச் சுமப்பது, புள்ளிப் பலகையைப் புரட்டுவது, பயிற்சிக்கு முன் வலை கட்டுவது. உயரமானவள் என்பதால் கம்பத்தின் மேல் கொக்கி அவளுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் வாரம் ஏணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இதைச் செய்தாள். இரண்டாம் வாரம் பெஞ்சிலிருந்து கத்தக் கற்றுக்கொண்டாள். உள்ளே ஆடும்போது தெரியாத ஒன்று வெளியே உட்கார்ந்தால் தெரிந்தது: எதிராளி தடுக்க எகிறுவது பந்தைப் பார்த்து இல்லை, அடிக்கப் போகிறவளின் தோளைப் பார்த்து. அதைக் கடுகிடம் சொன்னாள். கடுகு, நீ பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உனக்கு மூளை வளர ஆரம்பித்திருக்கிறது என்றாள்.

நான்காம் வாரத்தில் ஒரு நாள் வலையின் மேல்நாடா நடுவில் முறுக்கிக்கொண்டது. அந்த வயதுப் பிரிவுக்கு வலையைச் சற்றுத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள். ஏணி நடுவில் போய் நின்று, இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க, கையை நீட்டி நாடாவைச் சரிசெய்தாள். கடுகு பந்தைத் தட்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏணி, கையை இறக்காத. அப்படியே நில்லு."

ஏணி மேலே பார்த்தாள். அவளுடைய உள்ளங்கை முழுவதும் வலைக்கு மேலே இருந்தது. போன வருடம் இதே வலையில் விரல் நுனிகூட நாடாவைத் தொடவில்லை. எலும்பு இத்தனை நாளாக அவசரப்பட்டு எங்கே போனது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

கடுகு பந்தை உயர்த்திப் போட்டாள். ஏணி நின்ற இடத்திலிருந்தே விரலால் அதை லேசாகத் தள்ளினாள். பந்து வலையை உரசாமல் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் பொத்தென்று விழுந்தது. சத்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் புள்ளி என்றால் அதுவும் புள்ளிதான்.

பயிற்சியாளர் உடனே தலையாட்டிவிடவில்லை. அம்மாவோடு போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவரச் சொன்னாள். டாக்டரம்மா அவளை நடக்கவிட்டு, பாதி உட்காரவிட்டு, புடைப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, நின்ற இடத்தில் ஆடலாம் என்றாள். எகிறக் கூடாது, விழக் கூடாது, எண் மூன்றைத் தாண்டக் கூடாது. அம்மா எல்லாவற்றையும் அலமாரித் தாளில் ஏற்றினாள். அன்றிலிருந்து தினம் அரை மணி நேரம், கடுகு போட்டாள், ஏணி தள்ளினாள். இடப்பக்கம், வலப்பக்கம், தடுப்பவளின் கைக்கும் வலைக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் இடைவெளி என்று விரல்களுக்குப் புதிதாகக் கண் முளைத்தது.

போட்டி நாளன்று முதல் ஆட்டமே போன வருடம் கோப்பை வாங்கிய அணியோடு விழுந்தது. அவர்களிடம் தடுப்பதில் கெட்டிக்காரியான ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். தலையில் நீல ரிப்பன் கட்டியிருந்தாள். சுவர்போல நிற்பாள், பட்டம்போல எழும்புவாள். முதல் செட்டை அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாவதைக் கடுகும் மற்றவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார்கள். அதுவரை ஏணி பெஞ்சில் இருந்தாள். பதினைந்து புள்ளிக் கடைசி செட் பாதியில்தான் பயிற்சியாளர் அவள் முதுகைத் தட்டினாள். எண் என்ன என்று கேட்டாள்.

"பூஜ்யம். சத்தியமா பூஜ்யம்."

"பூஜ்யம்னாதான் எனக்குப் பயமே. எகிறினா அடுத்த நொடி வெளிய கூப்பிடுவேன்."

ஏணி உள்ளே போய் வலையருகே நின்றதும் எதிரணியில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவள் பந்தை அறையும் வேகத்தைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். பந்து கடுகிடம் வந்தது. ஏணி அடிக்கப் போகிறவள் மாதிரி தோளைப் பின்னால் இழுத்தாள், அவ்வளவுதான். நீல ரிப்பனும் இன்னொருத்தியும் ஒரே மூச்சில் எகிறினார்கள். கடுகு பந்தை மறுபக்கம் அனுப்பினாள். அங்கே தடுக்க ஆளே இல்லை. அடுத்த பந்துக்கும் இதே கதை. மூன்றாவது முறை அவர்கள் உஷாராகி எகிறாமல் நின்றார்கள். ஏணி கையை நீட்டிப் பந்தை அவர்கள் தலைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். தட்டில் கரண்டியை வைப்பதுபோல அவ்வளவு அமைதியாக. பார்வையாளர் வரிசையில் விடுப்பு எடுத்து வந்திருந்த அப்பா, பக்கத்தில் இருந்தவரிடம் தன் மகளுடைய எலும்பைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

பதினான்குக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி வந்தால் ஆட்டம் இவர்களுடையது. நீண்ட நேரம் பந்து இங்கும் அங்கும் போய்வந்தது. கடைசியில் தடுமாறி விழுந்துகொண்டே கடுகு தூக்கிய பந்து, வலைக்கு ஒரு அடி தள்ளி, உயரமாக, தாராளமாக, ஏணிக்கென்றே செய்து வைத்ததுபோல எழும்பியது. இப்படி ஒரு பந்துக்காகத்தான் அவள் இத்தனை வாரம் கனவு கண்டாள். முழங்காலில் வலியின் சுவடே இல்லை. தொடை தானாக முறுக்கேறியது. ஒரே ஒரு குதி, கூரை அதிரும்படி ஒரே ஒரு அறை.

எதிரே நீல ரிப்பன் எகிறிவிட்டாள். ஏணி அவளைப் பார்த்தாள். பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டாள். பந்து உச்சியிலிருந்து இறங்க எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு ஒரு பாடவேளை அளவுக்கு நீண்டது. எகிறியவள் காற்றிலேயே தங்க முடியாதல்லவா, நீல ரிப்பன் கீழே இறங்கத் தொடங்கினாள். இறங்கும் அந்தக் கைகளுக்கு மேலாக ஏணி பந்தைத் தள்ளினாள். அது அந்தப் பக்கத் தரையைத் தொட்டு இரண்டு துள்ளு துள்ளி உருண்டது. ஒரு கணம் நடுவரே விசில் ஊத மறந்துபோனார்.

கடுகு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அதனால் அணியே சேர்ந்து அவளைச் சுற்றி நின்று குதித்தது. நடுவில் அவள் மட்டும் குதிக்காமல், நின்ற இடத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, பின்பக்கத் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தாள். நீல ரிப்பன் தனியாக வந்து எதிரே நின்றாள். அழுது முகம் கழுவியிருந்தது தெரிந்தது.

"கடைசிப் பந்துக்கு நீ ஏன் குதிக்கல?"

ஏணி ஐஸ் பையை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் புடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் திரும்பி, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் முழங்கால் உறையைக் கீழே இறக்கினாள். இரண்டு காலிலும் இருந்தது. ஏணியுடையதைவிடப் பெரிது.

தொடங்கி எட்டு மாதமாயிற்று என்றாள். வீட்டிலும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது. இராத்திரி தலையணையை மடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ஏணி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஐஸ் பை ஒன்றுதான் இருந்தது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். எலும்புக்கும் நாருக்கும் நடக்கும் சண்டையை ஏணி தனக்குத் தெரிந்த அளவில் சொன்னாள்.

"சொன்னா என்னை உட்கார வச்சிடுவாங்க இல்ல?"

"வைப்பாங்க. கொஞ்ச நாளைக்கு. எரிச்சலாத்தான் இருக்கும், மறைக்கமாட்டேன். பந்துப் பையெல்லாம் தூக்கச் சொல்லுவாங்க."

நீல ரிப்பன் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்தவள் தூரத்தில் நின்ற தன் பயிற்சியாளரைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். ஏணி கையை நீட்டினாள். இரண்டு நெட்டைகளும் ஒருவர் தோளை மற்றவர் பிடித்தபடி, படிகளை ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் இறங்கிப் போனார்கள். பயிற்சியாளரிடம் பேசியது நீல ரிப்பன்தான். ஏணி பக்கத்தில் நின்றாள், அவ்வளவே.

மறுநாள் நடந்த அடுத்த ஆட்டத்தில் ஏணியின் அணி சுருண்டுபோய்த் தோற்றது. எதிரணி அவள் விரல் வித்தையை முந்தைய நாளே பார்த்து வைத்திருந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. வீடு திரும்பும் வண்டியில் கடுகு வாய் ஓயாமல் முந்தைய நாள் கடைசிப் பந்தையே விவரித்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு தடவையும் அது இன்னும் உயரமாக எழும்பியது. ஏணியின் வலி ஒரேயடியாக ஓடிவிடவும் இல்லை. குறைந்தது, வந்தது, மறுபடி குறைந்தது; அடுத்த வருட நடுவில் ஒரு நாள், கடைசியாக எப்போது வலித்தது என்று யோசித்துப் பார்த்தால் அவளுக்கே ஞாபகம் இல்லை. இப்போது அவளும் நீல ரிப்பனும் விடுமுறை நாட்களில் ஒரே திடலில் ஆடுகிறார்கள். யார் அதிக உயரம் என்பதில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை.